ஒரு டிஸ்க், இரண்டு கணக்குப்பிள்ளைகள்

பிள்ளைப்பாக்கத்தில் என் அண்ணன் மகன் தங்கியிருக்கும் அறையில் நான்கு பேர். ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிப்ட் 10 முதல் விடிகாலை 6 வரை. ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுப்பான். கம்பெனி பஸ் வரும் சத்தம்தான் அந்தத் தெருவுக்கே மணி. நான்கு பேருக்கும் சேர்த்து அறையில் ஒரே ஒரு லேப்டாப். அவன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. பிறகு ஹார்ட் டிஸ்கை மட்டும் மாற்றிக்கொண்டான்.

ஒரு நாள் இரவு பத்தே முக்கால் மணிக்குப் போன் வந்தது.

"சித்தப்பா, தூங்கிட்டீங்களா? லினக்ஸ்ல டி டிரைவ் தொறக்குது, ஃபைல் எல்லாம் தெரியுது. சேவ் பண்ணா மட்டும் ரீட் ஒன்லின்னு சொல்லுது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"கடைசியா விண்டோஸ்ல யாருடா இருந்தது?"

"ரூம்மேட்டு. ஏ ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படம் பாத்தான். ஒழுங்கா ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் படுத்தான், நானே கேட்டேன்."

ஒழுங்காக ஷட் டவுன் செய்ததில்தான் விஷயமே இருந்தது. போனிலேயே அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்று அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் தேவைப்பட்டது. இந்த அத்தியாயம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுதான்.

முதலில் அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் என்று லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் ஒரு கணினி வந்து சேர்ந்தது. கொள்முதல் செய்தது அரசு நிறுவனமான எல்காட். அந்த மடிக்கணினிகளில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்துச் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007இல் வெளியிட்ட இயங்குதளம். இந்திய மொழிகளில் வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆக, ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்ளும் டூயல் பூட் என்ற சொல்லைக் கேள்விப்படும் முன்பே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். பொத்தானை அமுக்கியதும் ஒரு பட்டியல். மேலும் கீழும் போகும் அம்புக்குறி. சில நொடிகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல வீடுகளில் லினக்ஸ் பக்கம் யாரும் போகவே இல்லை. கடைக்கு எடுத்துப்போய் விண்டோஸை மறுபடி போட்டபோது அது அழிந்தும் போனது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்துக் கொடுத்தோம். ஒரு வாசலில் வைத்த பொருளை மறு வாசலிலிருந்து எடுப்பது எப்படி என்பதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஒரு பக்கம் எழுதிய கட்டுரை மறு பக்கம் காணவில்லை என்றால் பதினாறு வயதுப் பிள்ளை எந்தப் பக்கத்தைக் கைவிடும்? பழக்கமில்லாத பக்கத்தைத்தான்.

அண்ணன் மகனுக்கு இரண்டும் தேவைப்பட்டன. தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி பெட்டிகளுக்கு நிரல் எழுதும் மென்பொருள்களில் பெரும்பாலானவை விண்டோஸில் மட்டும் ஓடுபவை. கேமராவால் பாகங்களைச் சோதிக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கான பைத்தானும் படப் பகுப்பாய்வும் அவனுக்கு லினக்ஸில் எளிதாகக் கைவந்தன. இரண்டுக்கும் பொதுவானவை கோப்புகள்: அளவுப் பட்டியல்கள், புகைப்படங்கள், குறிப்புகள்.

இரண்டு இயங்குதளங்கள் ஒரே கணினியில் இருந்தாலும் அவை ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. ஒன்று விழித்திருக்கும்போது மற்றது டிஸ்கில் வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கணினிகள் கோப்பைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒன்று கேட்கும், மற்றது கொடுக்கும். இங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. முன்னவர் எழுதிவிட்டுப் போனதைப் பின்னவர் படித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஷிப்ட் மாறும்போது இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும் அல்லவா, அதை மட்டும் நம்பி ஏ ஷிப்டும் பி ஷிப்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை செய்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

அந்த ரிஜிஸ்டர் எப்படி இருக்கும்?

பிள்ளைப்பாக்கம் மாதிரி ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்த ஊர்களில் சர்வே எண் தெரியாத குடும்பம் இல்லை. டிஸ்க் என்பது எண் போட்ட நிலம். 500 ஜிபி டிஸ்கை 4,096 பைட் கொண்ட மனைகளாகப் பிரித்தால் சுமார் 12 கோடி மனைகள் வரும். மனைக்குள் இருப்பது வெறும் பிட்டுகள். எந்த மனை எந்தக் கோப்புக்குச் சொந்தம், எது காலி, எந்தக் கோப்பின் தொடர்ச்சி எந்த எண்ணில் இருக்கிறது என்பதெல்லாம் மனையைப் பார்த்தால் தெரியாது. அதற்கென்று தனியாக ஒரு கணக்கு வேண்டும். நிலத்துக்கு அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் இருப்பதுபோல டிஸ்குக்கு இருக்கும் கணக்குதான் கோப்பு முறைமை.

தமிழ்நாட்டில் 1980 வரை அந்தக் கணக்கை எழுதியவர்கள் பரம்பரைக் கணக்குப்பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்து, ஒரு சுருக்கக் குறி; பழகினவருக்குத்தான் புரியும். விண்டோஸின் கணக்குப்பிள்ளைக்குப் பெயர் என்டிஎஃப்எஸ். 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்தவர். லினக்ஸ் 1991இல் பிறந்தது. அதன் கணக்குப்பிள்ளை குடும்பம் 1992இல் எக்ஸ்ட் என்று தொடங்கி, 2008 முதல் எக்ஸ்ட்4 என்ற தலைமுறையில் இருக்கிறது. என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெரிய அட்டவணையில் ஒரு வரி ஒதுக்குகிறது. கோப்பு சில நூறு பைட்டுக்குள் அடங்கினால் தனி மனைகூடக் கொடுக்காமல் அந்த வரிக்குள்ளேயே எழுதிவிடுகிறது. எக்ஸ்ட்4 வேறு மாதிரி. கோப்பின் விவரத்தை ஐநோடு என்ற சீட்டில் எழுதி, பெயரை மட்டும் அடைவுப் பட்டியலில் தனியே வைக்கிறது. இரண்டும் திறமையான முறைகள். ஒருவர் கணக்கை மற்றவரால் படிக்க முடியுமா என்பதுதான் நம் கேள்வி.

இதற்கான பதில் இரண்டு பக்கமும் சமமாக இல்லை. என்டிஎஃப்எஸ்ஸின் முழு அமைப்பையும் மைக்ரோசாஃப்ட் வெளியிடவில்லை. லினக்ஸ்காரர்கள் டிஸ்கின் பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது மாறும்போது அது ஏன் மாறுகிறது என்று ஊகித்து ஊகித்துக் கற்றுக்கொண்டார்கள். படிப்பது முதலில் வந்தது. எழுதுவதற்கு நெடுநாள் ஆனது. படிப்பதில் தவறினால் உங்களுக்கு மட்டும் குழப்பம். எழுதுவதில் தவறினால் மற்றவருடைய கணக்கே கெட்டுவிடும் என்பதால் அந்தத் தயக்கம் நியாயமானது. என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற நம்பத்தகுந்த எழுதும் வசதி 2007இல் வந்தது. பாராகான் நிறுவனம் எழுதித் தந்த நிரல் 2021 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் 5.15 பதிப்பில், இயங்குதளத்தின் மையமான கருவுக்குள்ளேயே சேர்ந்தது. மறுபக்கம், எக்ஸ்ட்4இன் நிரல் முழுதும் திறந்த புத்தகம். இருந்தும் விண்டோஸ் அதைத் தானாகப் படிப்பதில்லை. எக்ஸ்ட்4 இருக்கும் வெளி டிஸ்கை விண்டோஸில் செருகினால் சில சமயம், இதை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வரும். தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். தனக்குப் புரியாத கணக்கு என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. உள்ளே உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன.

இதனால்தான் டூயல் பூட்டில் போக்குவரத்து பெரும்பாலும் ஒருவழியாக அமைகிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸ் பக்கத்தைத் திறக்கலாம். விண்டோஸிலிருந்து லினக்ஸ் பக்கம் இருட்டு.

இனி அந்த ஷட் டவுனுக்கு வருகிறேன்.

2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. ஷட் டவுன் சொன்னதும் நீங்கள் திறந்த செயலிகள் எல்லாம் மூடப்படும். ஆனால் இயங்குதளத்தின் கரு முழுதாக முடிவதில்லை. நினைவகத்தில் தான் இருந்த நிலையை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகிறது. மறுநாள் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து தொடங்காமல் அந்தக் கோப்பைப் படித்து விட்ட இடத்தில் தொடர்கிறது. ஹார்ட் டிஸ்க் மெதுவாகச் சுழன்ற காலத்தில் இது பெரிய உதவி.

அப்படி எழுதிவைத்த நிலையில், டிஸ்கின் கணக்கைப் பற்றிய அதன் ஞாபகமும் இருக்கிறது: இந்த மனை காலி, அந்த மனையில் இன்ன கோப்பு. நடுவில் லினக்ஸ் வந்து அந்தக் காலி மனையில் ஒரு புதுக் கோப்பை எழுதினால்? விண்டோஸ் விழித்ததும் டிஸ்கை மறுபடி பார்க்காது. தன் ஞாபகத்தை நம்பி அதே மனையில் வேறொன்றை எழுதும். ஒரு மனைக்கு இரண்டு பட்டா. எது அழியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; கணக்கு முழுதுமே கலங்கலாம். அதனால் லினக்ஸின் என்டிஎஃப்எஸ் நிரல் முதலில் குறிகளைப் பார்க்கிறது. முன்னவர் முடித்துவிட்டுப் போகவில்லை என்று தெரிந்தால் எழுதும் உரிமையைத் தானே துறந்து, படிக்க மட்டும் திறக்கிறது. அண்ணன் மகன் பார்த்த ரீட் ஒன்லி அதுதான். அவன் கோப்புகளை அது காப்பாற்றிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்கு இதை விளக்க ஒரு வாக்கியம் போதும். பாகத்தை இயந்திரத்தில் மாட்டி, பாதி கடைந்த நிலையில் அப்படியே நிறுத்திவிட்டு ஒருவன் டீ குடிக்கப் போயிருக்கிறான். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்து வருகிறவன் அதில் கை வைப்பானா?

ஒரு விசித்திரம் உண்டு. ஷட் டவுன் முழுதாக மூடுவதில்லை, ரீஸ்டார்ட்தான் முழுதாக மூடுகிறது. ஆகவே விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும்போது ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்கினாலும் அன்றைக்கு மட்டும் முழுதாக மூடும். டூயல் பூட் வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை அந்த வசதியையே நிறுத்திவிடுவது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஒரு டிக்கை எடுத்தால் முடிந்தது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் சில நொடிதான் கூடும். இன்னொன்று: விண்டோஸ் விட்டுப்போன உறக்கக் கோப்பை லினக்ஸிலிருந்து வலுக்கட்டாயமாக அழித்துவிட்டு எழுத வழி இருக்கிறது. அவசரத்திலும் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது, பொதுக் கோப்புகளை எங்கே வைப்பது?

கிராமக் கணக்கில் புறம்போக்கு என்று ஒரு வகை உண்டு. இன்று அந்தச் சொல்லை வசைபோலப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அது யாருடைய பட்டாவிலும் சேராமல் ஏரிக்கும் மந்தைக்கும் பாதைக்கும் விடப்பட்ட ஊர்ப்பொது. டிஸ்கிலும் அப்படி ஒரு நிலம் ஒதுக்குவது நல்லது. விண்டோஸ் தன் சி டிரைவில் இருக்கட்டும், லினக்ஸ் தன் எக்ஸ்ட்4இல் இருக்கட்டும். மூன்றாவதாக, இருவரும் எழுதத் தெரிந்த கணக்கு முறையில் ஒரு பார்ட்டிஷன். லினக்ஸிலிருந்து சி டிரைவுக்குள் எழுதுவதை நான் தவிர்க்கவே சொல்வேன். ஆவணங்கள் இருக்கும் இடமும் இயங்குதளம் இருக்கும் இடமும் ஒன்றாக இருந்தால் ஒரு தவறுக்கு இரண்டும் பலியாகும்.

எந்தக் கணக்கு முறை? 1977இல் மைக்ரோசாஃப்ட்டில் மார்க் மெக்டொனால்ட் எழுதிய ஃபேட் மிகப் பழையது, மிக எளியது. அதனால்தான் கேமராவிலிருந்து கார் ஸ்டீரியோ வரை எல்லோருக்கும் படிக்கத் தெரியும். நீங்கள் அறியாமலே உங்கள் டூயல் பூட் கணினியில் ஒரு ஃபேட் நிலம் ஏற்கெனவே இருக்கக்கூடும். யுஇஎஃப்ஐ வகைக் கணினிகளில் தொடக்க நிரல்களை வைக்கும் சிறு பார்ட்டிஷன் ஃபேட் முறையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. விண்டோஸின் தொடக்க நிரலும் லினக்ஸின் தொடக்க நிரலான கிரப்பும் அங்கே பக்கத்துப் பக்கத்து அடைவுகளில் குடியிருக்கின்றன. ஆனால் அதன் 1996 தலைமுறையான ஃபேட்32 ஒரு கோப்பின் அளவை 32 பிட்டில் எழுதுகிறது. 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் எண் எழுத இடமில்லை. கேமராவில் எடுத்த நீளமான காணொளி ஒன்று 4 ஜிபியைத் தாண்டினால், நூறு ஜிபி காலியாக இருந்தாலும் கோப்பு மிகப் பெரியது என்ற பதில்தான் வரும்.

2006இல் வந்த எக்ஸ்ஃபேட் இந்த எல்லையை நீக்கியது. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டதும் லினக்ஸ் கருவில் முறையாக இடம்பெற்றது. பென் டிரைவுக்கு அது பொருத்தம். லேப்டாப்பின் உள் டிஸ்கில் பொதுப் பார்ட்டிஷனுக்கு நான் என்டிஎஃப்எஸ்தான் சொல்வேன். காரணம் மின்சாரம். என்டிஎஃப்எஸ், கணக்கை மாற்றும் முன் இன்ன மாற்றம் செய்யப் போகிறேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. நடுவில் மின்சாரம் போனால் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்ய முடியும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு இல்லை. ஐந்தாறு ஆண்டுப் பழைய பேட்டரியோடு, பிளக்கை உருவினால் உடனே அணையும் லேப்டாப்பில் இது பெரிய வித்தியாசம்.

லினக்ஸின் ஹோம் அடைவையே அந்தப் பொதுநிலத்துக்கு மாற்றிவிடலாமே என்று அண்ணன் மகன் கேட்டான். கூடாது. யார் படிக்கலாம், யார் இயக்கலாம் என்று லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் எழுதும் உரிமைக் குறிகள் அங்கே வழக்கமான முறையில் நிற்பதில்லை. பல செயலிகள் குழம்பும். ஆவணம், படம், பாட்டு, காணொளி இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பெயர்களில் நடக்கும் சங்கதி எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது, ஏனென்றால் இங்கே தமிழ் நேரடியாக உள்ளே வருகிறது.

ஷிப்ட் குறிப்புகளை அவன் நேரம் போட்டுச் சேமிப்பான். பத்து, முக்காற்புள்ளி, முப்பது. லினக்ஸ் ஏற்றுக்கொண்டது. விண்டோஸில் அந்தக் கோப்பு திறக்கவில்லை. லினக்ஸ் தடுப்பது சாய்கோட்டையும் வெற்றெழுத்தையும் மட்டும். விண்டோஸ் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் என்று ஒன்பது குறிகளை விலக்குகிறது. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ வந்தாலும் அதற்குச் சிக்கல். ஆங்கிலப் பெயர்களில் இன்னொரு தொல்லை: பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரும் லினக்ஸுக்கு இரண்டு கோப்பு, விண்டோஸுக்கு ஒன்று. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

ஆனால் வேறு கணக்கு இருக்கிறது. பிள்ளைப்பாக்கம் என்ற பெயரைக் கண் எட்டு எழுத்தாகப் பார்க்கிறது: பி, ள், ளை, ப், பா, க், க, ம். யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி எண்கள். எண்ணிப் பார்த்தால் பதினைந்து. என்டிஎஃப்எஸ் பெயரை யுடிஎஃப்-16 முறையில் எழுதி 255 அலகு வரை அனுமதிக்கிறது; ஆக ஒரு பெயரில் பிள்ளைப்பாக்கத்தைச் சரியாகப் பதினேழு முறை எழுதலாம். எக்ஸ்ட்4க்கும் எல்லை 255தான், ஆனால் அது பைட் கணக்கு. லினக்ஸில் வழங்கும் யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பிள்ளைப்பாக்கம் 45 பைட். ஐந்து முறைக்கு மேல் இடமில்லை. விண்டோஸில் நீளமான தமிழ்த் தலைப்போடு சேமித்த கட்டுரையை லினக்ஸ் பக்கம் நகலெடுக்கும்போது, பெயர் மிக நீளம் என்று மறுப்பது இதனால்தான்.

இன்னும் நுட்பமானது ஒன்று. பௌதிகம் என்று எழுதும்போது ஔகாரக் குறியை முறையாக இடுபவர்கள் உண்டு. எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகர எழுத்தைத் தட்டுபவர்களும் உண்டு. பல எழுத்துருக்களில் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. கொ, கோ ஆகியவற்றில் வரும் குறிகளுக்கும் யூனிகோடில் இரண்டு வழி: முழுக் குறிக்கு ஒரே எண், அல்லது கொம்புக்கு ஒன்று காலுக்கு ஒன்று என இரண்டு எண். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டுமே எண்களைத்தான் ஒப்பிடுகின்றன, வடிவத்தை அல்ல. பொதுப் பார்ட்டிஷனில் அவனே 'பொது' என்று ஓர் அடைவு வைத்திருந்தான். ரூம்மேட் எங்கிருந்தோ நகலெடுத்து வந்த இன்னொரு 'பொது' அதன் கீழேயே நின்றது. ஒரே பெயரில் இரண்டு அடைவு இருக்க முடியாது என்று படித்தவனுக்கு இது பேயடித்த மாதிரி. ஒன்றில் கொம்பும் காலும் சேர்ந்திருந்தன, மற்றதில் பிரிந்திருந்தன.

கோப்புக்குள்ளேயும் இந்தக் கதை தொடர்கிறது. நான் அனுபவித்த காலம் அது. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நம் அலுவலகங்களும் அச்சகங்களும் வானவில், பாமினி என்று தனித்தனி எழுத்துருக்களில் உழன்றன. அவற்றில் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. அந்த எழுத்துரு இல்லாத லினக்ஸில் திறந்தால் போர்வை கழன்றுவிடும். பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல், நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். டிஸ்கைப் படிக்க முடிந்தது, கோப்பு திறந்தது, ஒரு பைட்கூட மாறவில்லை. வாசிக்க மட்டும் முடியாது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கு ஒரு தரம் தந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஆணையிட்டு ஏற்றது. பழைய எழுத்துருக் கோப்புகள் வீட்டில் இருந்தால், படிக்க ஒரு கணினி மிச்சமிருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

வரி முடிவு பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் உரைக்கோப்பில் ஒவ்வொரு வரியும் இரண்டு குறிகளால் முடியும், லினக்ஸில் ஒன்றால். லினக்ஸில் எழுதிய குறிப்பைப் பழைய நோட்பேடில் திறந்தால் எல்லா வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக ஓடும். 2018இல் நோட்பேடு இதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

கடைசியாக, நேரம். அண்ணன் மகன் இதைக் கோளாறு என்றே நினைக்கவில்லை, கடிகார பேட்டரி போய்விட்டது என்று நினைத்திருந்தான். இரவு 10:45க்கு லினக்ஸைத் திறந்தால் கடிகாரம் விடிகாலை 4:15 காட்டும். ஏ ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம். வைஃபை கிடைத்ததும் சரியாகிவிடும். பிறகு விண்டோஸுக்குப் போனால் அங்கே மாலை 5:15.

இரண்டிலும் பிழை சரியாக ஐந்தரை மணி நேரம். கணினிக்குள் அணையாமல் ஓடும் ஒரு சிறு கடிகாரச் சில்லு இருக்கிறது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் விட்டுப்போன 10:45ஐ லினக்ஸ் பொது நேரம் என்று நினைத்து ஐந்தரையைக் கூட்டுகிறது. இணையம் வழியே திருத்திக்கொண்டதும் சில்லில் 5:15 என்று பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1906 ஜனவரி 1இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை ரயில்வே மெட்ராஸ் நேரத்தில் ஓடியது; பம்பாயும் கல்கத்தாவும் தம் தம் ஊர் நேரத்தில் வாழ்ந்தன. பயணி எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

திரையில் நேரம் தவறினால் போனைப் பார்த்துக்கொள்ளலாம். கோப்பின் நேரம் தவறினால்தான் இழப்பு. பின்னால் திருத்திய கோப்பு முன்னால் திருத்தியதாகப் பதிவாகும். இரண்டில் புதியதை வைத்துக்கொள்ளும் காப்புப்பிரதிச் செயலி, திருத்தியதைத் தள்ளிவிட்டுப் பழையதை மேலே எழுதும். அவனுடைய ஒரு வார அளவுப் பட்டியல் இப்படித்தான் போயிருந்தது. காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டில் ஒருவரை மற்றவர் வழக்கத்துக்கு மாற்ற வேண்டும். லினக்ஸில் ஒரே கட்டளை போதும் என்பதால் அதையே உள்ளூர் நேரத்துக்கு மாற்றினோம். கோடையில் கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில் அதனால் வேறு சிக்கல் வரும், இந்தியாவில் வராது.

சாயங்காலம் ஆகிவிட்டது. சி ஷிப்ட் பையன் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். 120 ஜிபியில் மூன்றாவது பார்ட்டிஷன் தயாராக இருந்தது. அண்ணன் மகன் ரூம்மேட்டை உட்காரவைத்து, பவர் ஆப்ஷன்ஸில் டிக்கை அவனையே எடுக்கச் சொன்னான். பிறகு விண்டோஸில் ஒரு குறிப்பு எழுதிச் சேமித்து, ஷட் டவுன் கொடுத்தான். பொத்தானை அமுக்கி, பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தான். பொது அடைவைத் திறந்து, குறிப்பில் ஒரு வரி சேர்த்து, சேமி என்றான். ரீட் ஒன்லி வரவில்லை. கோப்பின் பக்கத்தில் நேரம் மாலை 6:12 என்று இருந்தது. போனை எடுத்துப் பார்த்தான். 6:12.